ஒட்டுக்காரரும் இஸ்திரிப் பெட்டியும்

அந்தத் தெருவில் அவரை ஒட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அறுந்தது, உடைந்தது, பிய்ந்தது எதையும் தூக்கி எறிய மனசு வராத மனுஷர். வாளியின் பிடி போனால் கம்பி முறுக்கிக் கட்டுவார். செருப்பு வார் அறுந்தால் வயர் துண்டால் தைப்பார். அவருடைய குடையை விரித்தால் எது குடை, எது ஒட்டு என்று அவருக்கே தெரியாது. ஆறு மாடிக் கடை வளாகம் ஒன்றில் எலெக்ட்ரீஷியன் வேலை. அதனால் இன்னொரு வியாதியும் சேர்ந்துகொண்டது, கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், ரெண்டையும் பெருக்கினால் வாட் என்று கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். பால் வாங்கப் போன இடத்தில்கூட விடமாட்டார்.

அவர் மனைவி முன்னறையில் மேஜை போட்டு இஸ்திரி போடுகிறவள். சும்மா சொல்லக்கூடாது, கை என்றால் அது கை! அவள் தேய்த்த காலரைப் பார்த்தாலே போட்டுக்கொண்டு எங்கேயாவது போகத் தோன்றும். பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்போதோ கெட்டுப்போயிருந்தது. "உன் கைக்குத் தெரியாத சூடா? இது எதுக்கு வெட்டியா?" என்று ஒட்டுக்காரர் அதைக் கழற்றி வீசாமல் பத்திரப்படுத்திவிட்டு, கரண்டை நேராகக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு கணக்கு உண்டு. பிளக்கைச் செருகிவிட்டு மூன்று சட்டைக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்தால், பெட்டி பதமாகியிருக்கும்.

உள்ளே சூடேறும் கம்பிச் சுருள் அவ்வப்போது அறுந்துவிடும். ஒட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்தான். கருகிய துண்டை நறுக்கிவிட்டு மீதியை இழுத்து முறுக்கிவிடுவார்.

"புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா என்னங்க?"

"நல்ல கம்பியைக் குப்பையில போடுறதா? இங்க பாரு, முன்னைவிட சீக்கிரமா சூடாகுது!"

ஒவ்வொரு தடவையும் இதே பெருமை.

அப்புறம்தான் துணிகள் தீய ஆரம்பித்தன. முதலில் ஒரு தலையணை உறை, அப்புறம் ஒரு பாவாடை. கடைசியில் மாடி வீட்டு வக்கீலின் வெள்ளைச் சட்டையில், நடு முதுகில், பெட்டி அப்படியே பழுப்பாகப் பதிந்துவிட்டது. வக்கீல் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "விடுங்கம்மா, வயசானா கை நடுங்கத்தானே செய்யும்" என்று இரக்கப்பட்டுவிட்டார். போதாக்குறைக்கு ஒட்டுக்காரரும் தன் பங்குக்கு, "இப்பல்லாம் உனக்குக் கவனமே இல்ல" என்றார்.

அவள் வலது கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேஜையை மடக்கி வச்சிடுங்க. இனிமே நான் இஸ்திரி போடல. என் கைமேலேயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

ஒட்டுக்காரருக்குப் பகீரென்றது. அந்த வேலையில்லாமல் அவள் இடிந்துபோவாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆறுதல் சொல்லத் தெரிய வேண்டுமே! பெட்டி சரியாகத்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால், கொஞ்சம் கவனமாகச் செய்தால் போதும் என்று அவளே தெளிந்துவிடுவாள் என நினைத்தார். மறுநாள் கடை வளாகத்து லிஃப்ட் மெக்கானிக்கிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்தார்.

முதலில் வோல்ட்டேஜ் பார்த்தார். கரண்ட் ஆபீஸ்காரன் ஜாஸ்தி விடுகிறானோ என்று ஒரு நப்பாசை. இருநூற்று முப்பது, அச்சுப் பிசகவில்லை. பெட்டியின் முதுகில் ஆயிரத்து நூற்றைம்பது வாட் என்று பொறித்திருந்தது. அப்படியானால் ஐந்து ஆம்பியர் ஓட வேண்டும், ரெசிஸ்டன்ஸ் நாற்பத்தாறு ஓம். மீட்டரோ ஆறரை ஆம்பியர் காட்டியது. மீட்டரைத் தட்டினார், உதறினார், லிஃப்ட் மெக்கானிக்கைத் திட்டினார். மறுபடியும் ஆறரை! வகுத்துப் பார்த்தால் முப்பத்தைந்து ஓம்தான் வந்தது.

மீதிப் பதினோரு ஓம் எங்கே போனது? மேஜைக்கடியில் விழுந்திருக்குமோ என்று தேடுகிறவர் மாதிரி குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். நறுக்கி நறுக்கி எடுத்ததே அவர்தானே! கம்பி குட்டையானால் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் கூடும். ஆறரையை இருநூற்று முப்பதால் பெருக்கினால் கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு வாட். மூன்று சட்டை சுருட்டுவதற்குள் பெட்டி கொதியாய்க் கொதிக்காமல் என்ன செய்யும்?

"என்ன சொல்லுது உங்க மீட்டர்?"

அந்த வீட்டில் மீட்டர் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருப்பதைப் பார்த்தார்.

"உன் கை நல்லாத்தான்மா இருக்கு. தப்பு என் கையில" என்று சொல்லி, விஷயத்தையும் விளக்கினார்.

"அப்போ நீங்க ஒட்ட ஒட்டத்தான் சூடு ஏறிச்சா?"

"ஆமா."

"அதை வேற பெருமையா பீத்திக்கிட்டீங்களே?"

"ஆமா."

"கவனமில்லன்னு என்னைத் திட்டுனீங்களே?"

அதற்கும் தலையை ஆட்டினார். அவள் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போங்க. இதை அப்படியே வக்கீல்கிட்ட சொல்லிட்டு, புதுக் கம்பி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வக்கீல் வீட்டு வாசலில் ஒட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், இருநூத்தி முப்பது வோல்ட்டை ஆறரை ஆம்பியரால வகுத்தீங்கன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் வக்கீல். "தப்பு யாரோடது?"

எந்தக் கணக்குக்கும் ஒட்டுக்காரர் இவ்வளவு சின்ன விடை சொன்னதில்லை. "என்னோடது சார்."

வக்கீல் உள்ளே போய் ஒரு மூட்டை வெள்ளைச் சட்டையோடு வந்தார். "அம்மாகிட்ட குடுங்க. அன்னிக்கு நான் தெரியாம பேசிட்டேன்னு சொல்லுங்க."

புதுக் கம்பியோடு பெட்டி மேஜையேறியது. அவள் மூன்று சட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, பெட்டியின் அடியில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, அது சுரீரென்று இழுக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். வக்கீல் சட்டையை விரித்து, காலரில் தொடங்கி, நடு முதுகுக்கு வந்தபோது ஒரு கணம் நின்று, பிறகு ஒரே இழுப்பாக இழுத்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

ஒட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். பிறகு மெல்லக் குனிந்து, கீழே கிடந்த பழைய கம்பியை எடுத்துச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

"அதைக் குப்பையில போடுங்க" என்றாள் அவள், தலை நிமிராமலே.

போட்டார்.