உப்பளத்து எலும்புக்கு நான் சொன்ன பொய்

நான் பொய் சொன்னேன். செத்து ஆயிரக்கணக்கான வருடமான ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி... எதிர்த்துப் பேசாத நோயாளி என்ற தைரியம்தான்!

சிரித்துவிட்டீர்களா? எல்லோரையும் சிரிக்க வைத்தே தப்பித்து வந்தவன் நான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் எலும்பு டாக்டர். வேம்பார்ப் பக்கம் உப்பளத்துக்கு மண் வெட்டியபோது முதுமக்கள் தாழி ஒன்று உடைந்தது. அதிலிருந்த எலும்புகளைச் சரித்திர வாத்தியார் ஒருவர் ஓலைப்பெட்டியில் என்னிடம் கொண்டுவந்தார். அவர் மகனுக்குத்தான் என் மகள் கிரேஸைப் பேசியிருந்தோம். அடுத்த வாரம் நிச்சயம்.

"சம்பந்தி, இங்கன பாருங்க. எலும்புல முண்டு முண்டா இருக்கே, என்ன சீக்கு?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூட்டருகே கிளம்பி, மூட்டுக்கு எதிர்ப்பக்கமாய் வளைந்த எலும்பு முளைகள். பரம்பரை நோய். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குப் புற்றாகும். என் அக்காவுக்கு ஆனது... என் தோளில் ஒன்று உண்டு. கிரேஸின் முழங்காலுக்குக் கீழே இரண்டு.

"சீக்கு இல்ல அண்ணாச்சி. முத்துக் குளிக்கவன் கல்லுல கால வச்சுத்தான கடலுக்குள்ள இறங்குவான்? அந்த இழுப்புல வந்தது."

"ஏயப்பா! அப்பவே முத்துக் குளிச்சிருக்கானுவளா!"

பிறகு பெட்டியின் அடியிலிருந்து சின்னத் தொடை எலும்பு ஒன்றை எடுத்தார். அதே தாழியில் கிடந்த குழந்தை. ஐந்து வயதிருக்கலாம். அதே முளைகள்...

"இதும் குளிக்கப் போச்சோ?"

"அப்பன்கூட ஒத்தாசைக்குப் போயிருக்கும்" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்! அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேனா? ஆமாம். கிரேஸிடமும் அவள் கால் முண்டுகளைச் சின்ன வயதில் விழுந்த அடி என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள். டாக்டர் அல்லவா நான்!

இப்போது பேரனுக்கு நாலு வயது. வரும்போதெல்லாம் மடியில் போட்டுக் கிச்சுகிச்சு மூட்டுவேன். புரண்டு சிரிப்பான். என் விரல்கள் மட்டும் விளையாடுவதில்லை. முழங்காலைச் சுற்றித் தேடும்.

போன ஞாயிறு, வலது முழங்காலுக்கு மேலே, விரல் நின்றது. பட்டாணி அளவு. கல் போல...

"தாத்தாட்ட மட்டுந்தான் மாமா இப்படிச் சிரிக்கான்" என்றார் மருமகன்.

"போதும்ப்பா, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது" என்றாள் கிரேஸ். அடுத்த பிள்ளைக்கு அவளுக்கு ஆறாம் மாதம்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.