பஞ்சை அரைக்காத மில்

மில் என்றால் அரைக்கும் இடம். எங்கள் அப்பா வேலை பார்த்த மில்லிலோ எதையும் அரைக்கவில்லை. இதை நான் பதினெட்டாவது வயதில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று நூலகத்தில் வாய்விட்டுக் கத்தியதில், நூலகர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு சேர்ந்திருந்தேன். அப்பா அதே பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தார். மில்லின் லைன் வீடுகளில் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. வகுப்பில் கான்வென்ட் பெண்கள் ஆங்கிலத்திலேயே சிரிப்பார்கள். நான் இரண்டு மாதமாகப் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

துறைத்தலைவி பாலக்காட்டுக்காரர். ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் ஆளுக்கு ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது பிறந்து வளர்ந்த கதையைப் பத்து நிமிடம் வகுப்பில் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும். என்னால் முடியவில்லை என்றால் வரலாற்றுத் துறையில் இடம் இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம், தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் இங்கிலீசு படிக்கிறாள் என்று அப்பா ஸ்பின்னிங் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கான்வென்ட் பெண்கள் ஜன்னல், காதல், காலை உணவு என்று அழகான சொற்களாக எடுத்துக்கொண்டார்கள். நான் வீம்புக்கு மில் என்று எழுதிக் கொடுத்தேன். என் வாயில் முதலில் வந்த ஆங்கிலச் சொல் அதுவாகத்தான் இருக்கும். அது தமிழ் இல்லை என்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நூலகத்தில் ஒரு அகராதி இருந்தது. தூக்கினால் தோள் இறங்கிவிடும், அவ்வளவு கனம். அதில் மில்லைப் பிடித்தேன். லத்தீனில் அரைப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். முதலில் திருகைக் கல், அப்புறம் அந்தக் கல் இருக்கும் கட்டடம். கடைவாய்ப் பல்லை மோலார் என்கிறார்களே, அதுவும் இதே வீட்டுப் பிள்ளை. நாக்கால் என் கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பலி கொடுப்பதற்கு இம்மோலேட் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் பலியாட்டின் மேல் உப்புக் கலந்த மாவைத் தூவுவார்களாம். அந்த மாவிலிருந்து வந்த சொல். நம் ஊர்க் கோயில்களில் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, அது உடம்பை உதறித் துளுக்கட்டும் என்று காத்திருப்போமே! நான் கத்தியது அந்த இடத்தில்தான்.

ஆனால் பெரிய கேள்வி அப்படியே நின்றது. அரைக்கும் இடத்தின் பெயர் நூல் நூற்கும் இடத்துக்கு எப்படிப் போனது? எந்திரங்கள் உள்ள கட்டடம் என்று எழுதிவிட்டு அகராதி கையைக் கழுவிக்கொண்டது. அப்பாவிடம் கேட்டேன். மில்லுன்னா மில்லுதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை மிளகாய் அரைக்க அனுப்பினாள். மாவு மில்லில் தும்மிக்கொண்டே நின்றேன். மூலையில் ஒரே ஒரு மோட்டார். அது மேலே இருந்த நீளமான இரும்புத் தண்டைச் சுற்றியது. தண்டிலிருந்து மூன்று பெல்ட்டுகள் கீழே இறங்கின. ஒன்று மிளகாய்க்கு, ஒன்று அரிசி மாவுக்கு, ஒன்று சீயக்காய்க்கு. நான் பக்கத்தில் போகப் போக, மில்காரர் பெல்ட்டுக்குக் கிட்ட நிற்காதீங்க அம்மணி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். என் காதில் எங்கே விழுந்தது? நாலாவதாக ஒரு பெல்ட்டை மாட்டி, அதன் முனையில் நூற்கும் கதிரை வைத்தால் நூல் வருமே! சுற்றும் தண்டுக்கு மிளகாயும் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான். மறுநாள் ஒரு தடித்த புத்தகத்தில் தேடினேன். அப்படியே இருந்தது. ஆற்றுத் தண்ணீரால் சக்கரத்தைச் சுற்றவைத்து மாவரைத்தார்கள். அதே மாதிரிச் சக்கரத்தில் நூற்கும் எந்திரத்தையும் மாட்டினார்கள். வேலை மாறிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரியது ஒன்று தட்டுப்பட்டுவிட்டது. நாம் மில்லை ஆலை என்று எழுதுகிறோம். அம்மாவின் ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். அங்கே ஆலை என்றால் கரும்பாலைதான், ஆலை ஓடுகிறது என்றால் வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று பொருள். பஞ்சாலையில் யார் கரும்பு பிழிகிறார்கள்? ஆங்கிலேயர் மாவரைக்கும் இடத்தின் பெயரைப் பஞ்சுக்குக் கொடுத்தார்கள், நாம் கரும்பு பிழியும் இடத்தின் பெயரைக் கொடுத்தோம். இது எந்த அகராதியிலும் இல்லை. நானே கண்டது!

பேசும் நாள் வந்தது. எழுந்து நின்று, பெரியவர்களைக் கண்டால் வாயில் தானாக வருகிற மரியாதையோடு, குட்மார்னிங்ங்க என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பயம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கோபம் வந்தால் மடை திறந்துவிடும். திறந்துவிட்டது. டென்ஸ் எல்லாம் தப்பு, இலக்கணம் கந்தல், ஆனால் நான் நிறுத்தவே இல்லை. கடைவாய்ப் பல், கிடாய், பெல்ட்டு, தண்ணீர்ச் சக்கரம் எல்லாம் வந்தன. ஆலைக்கு வந்ததும், ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, இந்த ஆலை எந்த ஆலை என்று கேட்டேன். சிரித்தவர்கள் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். துறைத்தலைவி அந்தப் பழமொழியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, வரலாற்றுத் துறைக்குப் போக வேண்டாம், இங்கேயே இரு என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். அப்பா பகல் ஷிப்டு, மூன்றரைக்கு வந்துவிடுவார். அதுவரை யார் பொறுப்பது? மில் கேட் வரைக்கும் ஓடினேன். வாட்ச்மேனிடம் அப்பாவை உடனே கூப்பிடச் சொன்னேன். மூச்சிரைத்த என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, உடனே உள்ளே ஆள் அனுப்பினார்.

ஷிப்டு நடுவில் வீட்டு ஆள் கேட்டுக்கு வருவது இரண்டே காரணத்துக்குத்தான். சாவு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. அதனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். லைன் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? அன்று சுத்தமாக மறந்துபோனேன்.

அப்பா ஓடி வந்தார். புருவமெல்லாம் பஞ்சு. பின்னால் இரண்டு பேர், ஒருவர் கையில் அப்பாவின் சட்டை, இன்னொருவர் கையில் அவருடைய சோற்றுத் தூக்குப்போசி. அப்படியே கிளம்பத் தயாராக எடுத்து வந்திருந்தார்கள்.

"உங்கம்மாளுக்கு என்ன கண்ணு?"

அப்பாவின் அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது.

"அம்மா நல்லாருக்காங்கப்பா. ஒண்ணுமில்லீங்க. நான் கிளாஸ்ல பேசிப்போட்டனுங்க."

அவர் கேட்டை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கொண்டுவந்தவர் என்னைப் பிடித்துத் திட்டத் தொடங்கினார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வாட்ச்மேன் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பாதி நெஞ்சில் சிந்தியது. எதைப் பற்றிப் பேசினேன் என்று கேட்டார். மில்லைப் பற்றி என்றேன்.

"இங்கிலீசுலயா?"

"ஆமாங்கப்பா."

"அப்படியே சொல்லு கண்ணு. இங்கிலீசுலயே சொல்லு."

அந்த வெயிலில் நின்று முதலிலிருந்து சொன்னேன். வந்தவர்களைத் திரும்ப அழைத்துப்போக வந்த மேஸ்திரியும் நின்றுவிட்டார். அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அவர் கை மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்தும் அது நிற்கவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.