கழுவாத இடது கால்

என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சுக்குக் கொடுக்கிற பிள்ளைகள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், கோவித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நடந்ததைத் திருத்தி விடாதீர்கள்.

கோயில் திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். "நல்ல விசயமா ரெண்டு பக்கம் எழுதுங்க மாமா" என்றான் இளைஞர் மன்றத்துப் பையன். நான் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசத் தெரியாதவன்.  பேசாமலேயே இருந்திருப்பேன். இந்த வருடம் பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்கள் காலைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுகிற சடங்குக்குப் போட்ட பன்னிரண்டு நாற்காலிக்கு நடந்த அடிதடியைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சல்தான் எழுத வைத்தது. தன் பெயரை ஏன் சேர்க்கவில்லை என்று ஒருத்தர் மைக்கைப் பிடுங்கினார். போனில் படம் எடுக்க முதல் நாற்காலிதான் வசதி என்று இன்னொருத்தர் அதை விட்டு எழவே இல்லை. இதே கோயிலில் அந்த இடத்தில் உட்கார ஆள் கிடைக்காமல் ஒரு சாமியார் தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காடெல்லாம் சம்சாரி வீடுகளுக்குச் சொந்தம். எங்கள் தெருவுக்கு அந்தக் காட்டோரத்துக் கருவேல மரத்தை வெட்டி, மண்ணைப் போட்டு மூடி, மூட்டம் வைத்துக் கரியாக்குகிற வேலை. கோயில் என்றால் ஓடு போட்ட ஒரே ஓர் அறை. பங்குச் சாமியார் மாதம் ஒரு ஞாயிறு பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பெரிய வியாழனுக்கும் ஈஸ்டருக்கும் நாங்கள்தான் கரி லாரியில் ஏறிப் பங்குக் கோயிலுக்குப் போக வேண்டும். துணியெல்லாம் கரியாகிப் போய் இறங்குவோம். உள்ளே இடம் இருந்தாலும் வாசலோடு நின்றுகொள்வோம்.

என் அய்யாவுக்கு அது பொறுக்கவில்லை. சாமியார் வருகிற ஞாயிறெல்லாம் பைக்குக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். "எங்க ஊருலயும் ஒரு பெரிய வியாழன் வைங்க சாமி." மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் இதே பேச்சு. சாமியார் கோபக்காரர், முழங்கால் வலிக்காரர். கடைசியில் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வாரேன்யா, வாரேன். என்னை ஆளை விடும். ஆனா காலு கழுவ பன்னெண்டு ஆம்பளை உக்காந்திருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் பைக்கைத் திருப்பிருவேன். ஈஸ்டருக்கும் வரமாட்டேன். அடுத்த வருசம் லாரிதான்."

அய்யா ஊரெல்லாம் ஆள் பிடிக்க ஆரம்பித்தார். சாமியார் குனிந்து நம் காலைத் தொடுவதா என்று ஆண்கள் பதறினார்கள். ஒருத்தர் அன்றைக்கென்று பார்த்துத் திருச்சுழியில் கல்யாணம் இருப்பதாகச் சொன்னார். தவக்காலத்தில் ஏது கல்யாணம் என்று, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கேட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டார். என் தாய்மாமா, "நான் மண்ணுல உக்காந்துக்கிடுறேன், சாமியைப் பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க. அவுக காலை நான் கழுவிவிடுறேன்" என்றார். அதுதான் முறை என்று பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

பெண்களுக்குக் கவலை வேறு. ஊருணி காய்ந்து, நடுவில் தோண்டிய ஊற்றில் மணிக்கணக்காகக் காத்திருந்து ஒரு குடம் அள்ளுகிற பங்குனி மாதம் அது. "காலு கழுவுற தண்ணியில ரெண்டு வீட்டுக்குச் சோறாக்கலாம். சாமிக்கு வேற சடங்கே கிடைக்கலையா?" என்று அத்தை கோயில் வாசலில் நின்றே கேட்டாள்.

உபதேசியார் சமாதானம் செய்தார். சாமி வலது காலை மட்டும்தான் கழுவுவார், ஒரு பேசின் தண்ணீர் போதும் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வலது காலுக்கு அபிஷேகம் நடந்தது. துணி சோப்பு, செங்கல், தேங்காய் நார். கரி ஏறின பித்தவெடிப்பைச் சிலர் சவர பிளேடால் சுரண்டினார்கள். எங்கள் அம்மா அய்யாவின் வலது காலைப் புளி போட்டே தேய்த்தாள். இடது காலில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அதற்கு ஏது தண்ணீர்?

சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆள் அய்யா. சாமியார் மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாய்மாமா முன்னால் மண்டியிட்டார். மாமா வலது காலை நீட்டினார். சாமியார் அதைப் பார்த்தார். அடுத்த ஆளின் காலைப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்த்தார். ஒரு கால் வெளுத்து, ஒரு கால் கறுத்து, பன்னிரண்டு ஜோடி.

"என்னய்யா இது?"

"கழுவிட்டோம் சாமி" என்றார் மாமா பெருமையாக.

"கழுவின காலை நான் எதுக்குய்யா கழுவணும்?"

"உங்க கையில அழுக்குப் பட்டா எங்களுக்குப் பாவம்ல."

சாமியார் தலையில் அடித்துக்கொண்டது அப்போதுதான். மண்டியிட்டபடியே பேச ஆரம்பித்தார். பிரசங்கம் என்று சொன்னால் அதுதான் அன்றைய பிரசங்கம்.

"நானும் எத்தனையோ ஊருக்குப் போறேன். எல்லா ஊருலயும் ஆண்டவருகிட்ட மழை குடு, பிள்ளை குடு, சுகம் குடுன்னு விடிய விடிய கேக்குறீங்க. அவரு குடுக்கிறதுக்குப் பக்கத்துல வந்தா, இருங்க சாமி வீட்டைக் கூட்டிட்டு வாரோம்னு கதவைச் சாத்துறீங்க. அவரு என்னைக்குய்யா உள்ள வாரது? சத்தியமாச் சொல்றேன், எனக்கே சில நாளு நம்பிக்கை விட்டுப் போகுது. அவரு மேல இல்ல, உங்க மேல!"



"இடது காலை நீட்டுங்க."

மாமா இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சாமியார் கையை விட்டு இடது காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பெண்கள் பக்கம் 'ஐயோ' என்று ஒரு சத்தம். தண்ணீர் விட்டதும் பேசின் கறுத்தது. இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று வரிசையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கொடுத்தார்கள். தண்ணீர் கரிக்குழம்பாகி, அத்தை முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு குடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாமியார் பதினோராவது ஆளிடம் வந்தபோது அய்யா எழுந்து வெளியே போய்விட்டார்.

கோயிலே திகைத்துப்போனது. ஒருத்தர் குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "கெஞ்சிக் கூத்தாடி கூட்டிக்கிட்டு வந்ததும் நீங்கதான், கெடுக்கப் போறதும் நீங்கதானா?" என்று கத்தினாள். நானும் பின்னால் ஓடினேன்.

அய்யா கோயிலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த கரி வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்திருந்தார். சாமியார் இடுப்பில் துண்டோடு, பேசினைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தார். ஊரே பின்னால் வந்தது.

"ஏம்யா, ஒரு வருசமா என் உயிரை வாங்கினீரு. இப்ப ஓடுறீரு. நீரு என்ன மனுசன்?"

"சாமி, வலது காலு சுத்தமா இருக்கு. அதைக் கழுவிட்டுப் போங்க. இது வேண்டாம்."

"நீட்டும்யா."

"சொன்னாக் கேளுங்க சாமி. இது பாக்குற மாதிரி இருக்காது."

சாமியார் புழுதியில் மண்டியிட்டு, அந்தக் காலில் எப்போதும் சுற்றியிருக்கும் கரி ஏறின துணியைத் தானே அவிழ்த்தார். நான் பிறப்பதற்கு முன்னால், எரிகிற மூட்டத்தின் மேல் ஏறியபோது மண் சரிந்து உள்ளே போய் வெந்த கால் அது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதம் மரக்கட்டை மாதிரி இருக்கும். வீட்டில் நாங்களே அதைப் பார்க்க மாட்டோம்.

 சாமியார் அத்தை தூக்கி வந்த குடத்திலிருந்து மெல்ல ஊற்றினார். ஒட்டின விரல்களுக்கு நடுவே இருந்த கரியைத் தன் விரலால் எடுத்தார். அவசரமே படவில்லை. அய்யா பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமியார் துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டபோது, அய்யாவின் பிடி இறுகி, விரல் நகம் என் தோளில் ஏறியது. நான் வலி தாங்காமல் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று தெரியாமல் பெண்களும் அழுதார்கள்.

சாமியார் எழுந்திருக்க முடியாமல் அய்யாவின் கையைப் பிடித்து எழுந்தார். உபதேசியாரைத் தேடி, "சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பூசைக்கு பாஸ்கா நெருப்பு மூட்டணும். விறகு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"எங்க ஊருல கேக்குற கேள்வியா சாமி இது?" என்றார் மாமா. ஊரே சிரித்தது. ஈஸ்டர் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அன்று இரவு அய்யா சாப்பிடவில்லை. வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். துணியைத் திரும்பச் சுற்றவும் இல்லை. என் தோளில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. சாமி தேய்த்தது அவ்வளவு வலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "காலு ரொம்ப வலிக்குதாய்யா?" என்று கேட்டேன்.

"இல்லலே" என்றார். 

மீசை முளைத்து அவரோடு மூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஒருநாள் பார்த்தேன். ஒரு கங்கின் மேல் இடது காலை வைத்து நின்றுகொண்டு, ஒன்றும் தெரியாமல் கரி வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். வாடை வந்து நான்தான் இழுத்துத் தள்ளினேன். வெந்த நாளிலிருந்தே அந்தக் காலில் உணர்ச்சி கிடையாதாம். சூடு தெரியாது, முள் தெரியாது, தண்ணீர் தெரியாது, ஒருத்தர் தொட்டாலும் தெரியாது.

எழுதி முடித்தது: சித்திரை மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.