தபால் பெட்டியில் பத்து வருஷம்

சக்தகான் பத்து வருஷம் விண்ணோடத்துக்குச் சூடு தாங்கும் ஓடு ஒட்டினான். புரான் என்று அதற்குப் பேர். போகும், திரும்பி வரும், மறுபடி போகும், நூறு தடவை போகும் என்றார்கள். ஒரே ஒரு தடவை போனது. அதிலும் ஆள் கிடையாது. பூமியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சமர்த்தாக வந்து இறங்கியது. அதற்குப் பரிசாகக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அப்புறம் நாடே கலைந்தது. கூடவே திட்டமும்.

முப்பத்தெட்டாயிரம் ஓடுகள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒன்று சரியாக ஒட்டாவிட்டாலும் திரும்பி வரும்போது கருகிவிடும் என்று மிரட்டியே வேலை வாங்கினார்கள். எல்லாம் ரத்தாகிவிட்டது. சக்தகானின் நெஞ்சில் இறங்கிய பசை நெடியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. இரண்டு மாடி ஏறினால் துருத்தி மாதிரி இரைக்கிறது.

நச்சு வேலை பார்த்தவனுக்கு ஐம்பத்தைந்திலேயே பென்ஷன். மற்றவனுக்கு அறுபத்துமூன்றில். "அதுவரைக்கும் இந்த நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பென்ஷன் ஆபீசுக்குப் போனான்.

அங்கே அக்மாரல் என்ற சின்னப் பெண் அவன் வேலைப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"தபால் பெட்டி, பொது வேலைன்னு போட்டிருக்கு. பத்து வருஷம் தபால் பெட்டிக்குள்ள என்னண்ணே பண்ணீங்க?"

ரகசிய ஆலைகளுக்கு அந்தக் காலத்தில் தபால் பெட்டி எண்தான் பேர். என்ன வேலை என்று மூச்சு விடமாட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். கையெழுத்து வாங்கிய நாடு செத்து எட்டு வருஷம். பெண்டாட்டியிடம்கூட, குளியலறை ரிப்பேர் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தான்.

"சொல்லக்கூடாதும்மா."

"அப்ப நானும் பென்ஷன் தரக்கூடாது."

சொன்னான்.

"ஆதாரம்?"

"பதிவேடெல்லாம் லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. ஓட்டுப் பக்கவாட்டுல ஒட்டினவன் நம்பர் இருக்கும். என்னோடது நானூத்திப் பதினேழு."

"அதுல ஒண்ணு கொண்டாங்க."

"அரசாங்கச் சொத்தும்மா. நான் தொட்டதில்ல."

"தொடாம எப்படிண்ணே ஒட்டுனீங்க?"

ஊரில் பாதி வீட்டில் சூடான சட்டிக்கு அடியில் அந்த ஓடுதான் கிடந்தது. நேர்மையாக இருந்த குற்றத்துக்கு இவன் வீட்டில் மட்டும் இல்லை. கொட்டகைக்குக் காவல் இருந்த துய்செனைத் தேடிப் போனான். காவல்காரன் வீட்டில் பதினோரு ஓடுகள். புரட்டிப் பார்த்ததில் ஏழாவதில் சக்தகானின் நம்பர்.

"அட, இது உன்னோடதா?" என்றான் துய்சென். "மத்தவன் ஒட்டினது உளியைக் காட்டினாலே வந்துரும். இதைப் பேக்கிறதுக்குள்ள என் உசிரு போச்சுடா பாவி!"

சக்தகான் வேலைக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அக்மாரல் ஓட்டை வாங்கிப் பார்த்தாள். அது அந்த விண்ணோடத்தில் இருந்ததுதான் என்று ஒரு சாட்சி வேண்டும் என்றாள். துய்சென் பதக்கம் குத்திய கோட்டோடு வந்து, என் கையாலே பெயர்த்தேன் என்று எழுதிக் கொடுத்தான்.

"நீங்கதானே அங்க காவல்?"

"வேற யாருக்கும்மா அவ்வளவு கிட்டப் போக முடியும்?"

"இது திருட்டில்லையா?"

"யாரு சொத்தோ அந்த நாடு வந்து புகார் குடுக்கட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். பென்ஷன் உறுதியானது. வாசலுக்கு வந்ததும் துய்சென் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான்.

"நீயும் எனக்கு ஒரு சாட்சி போடு. முன்னாள் காவலருக்குக் கூடுதல் பணம் தர்றாங்களாம். என் காவல்ல ஒரு ஓடுகூடக் குறையலன்னு எழுதியிருக்கேன்."

சக்தகான் அதை இரண்டு தடவை படித்தான். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். ஆயுளில் பொய்க்கணக்கு ஒன்றுக்கும் அவன் கையெழுத்துப் போட்டதில்லை.

"எந்த இடத்துலடா போடணும்?" என்றான்.