பேச்சியக்கா போட்ட பந்தி

செய்தி வந்தபோது நான் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பம் பக்கம் திராட்சை அறுவடை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்தப் பருவத்தின் முதல் பயணம் என்பதால் வேன் நிறைய ஆட்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். பேச்சியக்காவின் மகன் முருகன் போனில் பேசினான். "மாமா, அம்மா போயிட்டாங்க. காப்பி கேட்டாங்க, போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள..." "மெஸ்ஸப் பூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி வைத்தேன். மெஸ் பேச்சியக்காவுடையது, அதன் சாவிகூட என்னிடம் கிடையாது. வாயில் வந்தது அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது எங்கள் வேனில் வந்தவர்களாக இருப்பீர்கள். முன் சீட்டில் மடியில் எவர்சில்வர் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். பேச்சியம்மாள் என்ற முழுப்பெயரை உங்களில் பலர் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் முதன்முறையாகப் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் அவர் பேச்சியக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருடைய மெஸ்ஸுக்கு எதிர்வரிசையில் ஒரு டிராவல்ஸ் கடையில் நான் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவதால் எனக்கு 'சார்' என்று பெயர் வைத்துவிட்டார். அதில் கால்வாசி மரியாதை, மீதியெல்லாம் கிண்டல். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாக, அருவிக்குக் கூட்டிட்டுப் போறாக. தோட்டத்துக்கு ஒருத்தரும் கூட்டிட்டுப் போகக் காணோமே சார். பழம் வெட்டுற நேரத்துல அந்தப் பந்தலுக்குக் கீழ நின்னு பாக்கணும்." நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பாத்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருக்கு. சின்ன வயதில் அறுவடைக்கு அறுவடை குடும்பத்தோடு அங்கே கூலிக்குப் பழம் வெட்டப் போயிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இப்படித்தான் எங்கள் ஒருநாள் பயணம் தொடங்கியது. விடிந்ததும் கிளம்பி, உசிலம்பட்டியில் இட்லி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, இரண்டு ஒயின் ஆலைகள், பிறகு திராட்சைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. நோட்டீஸ் அடித்த புத்திசாலி நான். 'ஒயின்' என்ற வார்த்தையைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். முதல் பயணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். கையில் வறுத்த கடலை, ஊறுகாய்ப் பாக்கெட், அவித்த முட்டை, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர். வேனில் இருந்த குடும்பப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. பேச்சியக்கா அவர்களிடம் போய், "நல்லவேளை கொண்டாந்தீக, ரொம்பத் தூரம் போகணும்ல" என்று கடலையை வாங்கி வேன் முழுக்க ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். டம்ளரில் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். செக்கானூரணி வருவதற்குள் அந்த ஐவரும் எல்லாருக்கும் அண்ணன்களாகிவிட்டார்கள்.

ஆலையில் ஆளுயரத்துக்கு மேலே எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே நுழைந்ததும் ஒரு புளிப்பு வாசம். விளக்க வந்த அதிகாரி பாதி இங்கிலீஷில் பேசினார், யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. "ராத்திரி ஆட்டி வச்ச இட்லி மாவு காலையில பொங்கி நிக்குதுல்ல, அம்புட்டுத்தான்" என்றார் பேச்சியக்கா. எல்லாருக்கும் புரிந்தது. பிறகு ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும் என்றார் அதிகாரி. "துப்புறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று திருப்பரங்குன்றத்து அண்ணன் ஒருவர் கிண்ணத்தோடு வெளியே நடந்தார். வாசலில் இருந்த திராட்சைக் கொடியின் தூரில் பாதியை ஊற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். கருப்பசாமிக்கு விடாமல் அவர் எதையும் குடிப்பதில்லையாம். அதிகாரி பதறிப்போனார். "சாமிக்கு விட்டாரு சார். அவருக்கும் புதுசுதான, ருசி தெரியணும்ல" என்று பேச்சியக்கா சமாதானம் சொன்னார்.

தனக்குக் கொடுத்ததை அவர் ஒளிவுமறைவில்லாமல் எல்லார் முன்னாலும் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டி, "முதல்ல இனிக்கிது, பெறகு நாவப்பழம் மாதிரி துவர்க்குது" என்றார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "சின்னப் புள்ளையில குலை குலையா வெட்டிப் பெட்டியில அடுக்குவேன் சார். லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும். எங்க போகுது, என்னாகுதுன்னு ஒண்ணும் தெரியாது. இப்பத்தான் பாக்குறேன்." அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை இன்னொரு முறை நான் பார்த்தது பந்தியில்தான்.

அந்தப் பந்தியைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அதில் நான் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இது அஞ்சலியாகும்.

முதல் பருவத்தில் வேனில் வந்தவர்களுக்கு மட்டும் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இலை போட்டோம். பழம் வெட்டுபவர்கள் விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு, தூரத்தில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். தலைக்கு மேலே குலைகள் தொங்க, நம் ஆட்கள் சுக்காவும் குடல் குழம்பும் சாப்பிடுவார்கள். பேச்சியக்கா பரிமாறிக்கொண்டே வாய்க்கால் பக்கம் பார்ப்பார். நான் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பருவத்தில், மதுரை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் சொந்தக்காரர்களோடு வேன் முழுவதையும் பேசியிருந்தார். பிடித்திருந்தால் அந்தப் பருவம் முழுக்கத் தன் கடை ஆட்களையும் வாடிக்கையாளர்களையும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நான் டிராவல்ஸ் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி இறங்கியிருந்த நேரம் அது. அன்று காலை மெஸ்ஸில் வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரங்களை ஏற்றச் சொன்னார் அக்கா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்தில் இலை போட்டு முடித்தேன். "இலை பத்தலயே சார், இன்னும் பதினாலு போடுங்க" என்றார். திரும்பிப் பார்த்தால், பழம் வெட்டும் பதினான்கு பேரும் கைகால் கழுவிவிட்டு வரப்பில் நிற்கிறார்கள். முன்னால் அவர்களுக்குத் தலைவியான மாரியம்மா. வரச்சொன்னது அக்காதான். தோட்டக்காரர் ஓடிவந்து, "அக்கா, இங்க இப்படி வழக்கமில்லக்கா" என்றார். ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வேட்டியை உதறினார். "நாங்க வேன்லயே சாப்புட்டுக்கிறோம்" என்றார். அவரோடு நாலைந்து பேர் எழுந்தார்கள்.

நான் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அக்கா, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்று அவர் காதோரம் போய்ச் சொன்னேன். பிழைப்பு போய்விடும் என்ற பயம் இருந்தது, அது உண்மை. பிழைப்பு மட்டுமே காரணமா என்று கேட்டால், இல்லை. எங்களுக்கும் திருமங்கலம் பக்கம்தான், கொஞ்சம் நிலம் உண்டு. எங்கள் களத்தில் வேலைக்கு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிக் கூலிக்கு வந்தவர்களின் சனத்தைச் சேர்ந்தவர்தான் பேச்சியக்கா.

பேச்சியக்கா என் கையிலிருந்து இலைக்கட்டை வாங்கி, எதிர்வரிசையாகப் போடாமல், உட்கார்ந்திருந்தவர்களின் அதே வரிசையில் தொடர்ந்து போட்டுக்கொண்டே போனார். "சோறு ஆறுது. வாரவுக வாங்க" என்றார். யாரும் அசையவில்லை. அப்போது ஜவுளிக்கடைக்காரரின் மனைவி மல்லிகா, எழுந்த கணவனை அண்ணாந்து பார்த்து, "நீங்க போறதுன்னா போங்க. எனக்குப் பசிக்குது" என்றார். பக்கத்து இலையைக் காட்டி மாரியம்மாவைக் கூப்பிட்டார்: "வாங்க, உக்காருங்க. கையெல்லாம் என்ன இப்படிக் கீறியிருக்கு?" மாரியம்மா உட்கார்ந்து, கீறல் பட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்தவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் வேனில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு அக்கா வரிசையை ஒருமுறை கடைசி வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு இன்னும் உக்காரல?" அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் சோறு போடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்வி அது. நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள்.

ஜவுளிக்கடைக்காரர் அந்தப் பருவத்தில் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் மல்லிகா தன் தெருப் பெண்களைத் திரட்டி இரண்டு வேன் அனுப்பினார். அடுத்த அறுவடைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் யாரிடமும் பேசாமல் வந்து வரிசையில் உட்கார்ந்தார். புளிக்குப் பதிலாகத் திராட்சைக் காயைப் போட்டு அக்கா வைக்கும் ரசத்தை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார். "ரசம் ஆளக் கொண்டாந்துருச்சு" என்றார் அக்கா. அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இத்தனை வருடங்களில் அந்தப் பந்தியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சோற்று வாளியைத் தூக்கிக்கொள்வேன். "யாரு இன்னும் உக்காரல?" என்று கேட்கும்போது அக்கா கண் என்மேல் வந்து நிற்கும். "எனக்கு வேலை கெடக்குக்கா" என்பேன். எல்லாரும் எழுந்த பிறகு தட்டில் போட்டுக்கொண்டு வேன் ஓரத்தில் நின்று சாப்பிடுவேன். அக்கா சமைத்ததை மெஸ்ஸில் தினமும் சாப்பிட்டவன்தான். ஆனாலும் ஒரே வரிசையில் தரையில் உட்கார என் முட்டி மடங்கவில்லை. மாரியம்மா ஒருமுறை கேட்டதற்கு, "பசிச்சா உக்காருவாரு" என்று அக்கா சிரித்திருக்கிறார்.

ஒரே ஒருமுறை என்னிடம் நேராகக் கேட்டார். திரும்பி வரும்போது, கணவாயில் வேன் இறங்கிக்கொண்டிருந்தது. "உங்க ஐயா காலத்துல எங்க ஆளுக உங்க களத்துல எங்க உக்காந்து சாப்புட்டாக சார்?" மாட்டுக்கொட்டத்துப் பக்கம், வெயிலில், என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. மடியிலிருந்த தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு, "நீங்களாவது நிழல்ல உக்காருங்க" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனபின் இந்தப் பருவத்தையே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாரியம்மா தன் ஆட்களோடு வந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம், "இன்னும் பத்து நாளைக்குப் பழம் இருக்கும்ண்ணே. எப்ப வாரீக?" என்று கேட்டார். வருவதா வேண்டாமா என்ற யோசனையே அவருக்கு இல்லை. அடுத்த ஞாயிறு வேன் கிளம்பியது. முன் சீட்டில் மல்லிகா உட்கார்ந்துகொண்டார், முருகன் கொடுத்த அக்காவின் தூக்குவாளியோடு.

ஆலைகளைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். முருகன் ரசம் வைத்திருந்தான். நான் ஒரே வரிசையாக இலை போட்டேன். பழம் வெட்டுபவர்கள் கைகழுவி வந்து உட்கார்ந்தார்கள், வேனில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் வாளியைத் தூக்கினேன். அந்தக் கேள்விக்காக எல்லாரும் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியவன் நான்தான். கேட்காமல் வாளிக்குள் கரண்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

மாரியம்மா தலையை நீட்டி வரிசையைக் கடைசி வரை பார்த்தார். "யாரு இன்னும் உக்காரல?" என்று கேட்டார். முப்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. எனக்கு வேலை கிடக்கு என்று வழக்கம்போல வாயில் வந்தது. அன்று காலை உசிலம்பட்டியில் இட்லி இறங்காமல் அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு நல்ல பசி. முருகன் என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டான். மாரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்ததை நான் துடைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "ரசத்துல உப்புக் கம்மி" என்று மாரியம்மாவிடம் சொன்னேன். "நாளாக நாளாகப் பழகிருவான்" என்றார் அவர்.

பேச்சியக்காவின் தூக்குவாளி இப்போது மல்லிகாவிடம் இருக்கிறது, ரசத்தின் பக்குவம் முருகனிடம். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். ஒவ்வொரு அறுவடையிலும் பழம் இருக்கும்வரை ஞாயிறுதோறும் வேன் போகும். சோறு போடுவதற்கு முன் அந்தக் கேள்வியை நான் கேட்பேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு கேட்பேன்.