தண்ணீரைக்கூட நம்பாத மெர்சி

மெர்சி இறந்துவிட்டாள் என்ற செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. அனுப்பியவர் அவள் பெயரையே தப்பாக எழுதியிருந்தார். குழுவில் வருகிற எதையும் விசாரிக்காமல் நம்பாதே என்று என்னைப் பழக்கியவளும் அவள்தான். அதனால் அவள் எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தது அவள் தம்பி ஜோசப். "உண்மதான்க்கா" என்றான். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நேரில் போய், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது.

இரும்புலியூரில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்லர் நடத்தினோம். புருவம், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் நான். தலைமுடிக்கு நிறம் போடுவது முழுக்க அவள். பாலயாஜ் என்றால் தாம்பரம் பக்கத்தில் அவளைத்தான் தேடி வருவார்கள். ஃபாயில் சுற்றாமல், தொப்பி மாட்டாமல், பிரஷ்ஷை எடுத்து வெறும் கையால் முடியில் தீட்டுவது அது. வேர்ப்பக்கத்தைக் கருப்பாகவே விட்டுவிட்டு, பாதியில் பட்டும் படாமலும் தொடங்கி, நுனியில் அழுத்துவாள். முடி வளர்ந்தாலும் கோடு போட்ட மாதிரி தெரியாது. வெயிலில் தானாக வெளுத்ததுபோல இருக்கும்.

அவளிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்த உங்களுக்கெல்லாம் அவளுடைய விசாரணை நினைவிருக்கும். மருதாணி போட்டீர்களா, கடைப் பாக்கெட் டை போட்டீர்களா என்று கேட்பாள். இல்லை என்றால் நம்பமாட்டாள். காதுக்குப் பின்னால் சின்னக் கற்றை ஒன்றை வெட்டி ப்ளீச்சில் போட்டுப் பார்ப்பாள். ஒரு பெண் எதுவும் போடவில்லை என்று தன் அம்மாமீது சத்தியம் செய்தாள். அவள் முடியோ பாக்கெட் டையில் இருந்த உலோக உப்பால் கிண்ணத்தில் சூடேறிப் புகைந்தது. மெர்சி கோபப்படவில்லை. "தலைல வெச்சிருந்தா தலையே வெந்திருக்கும்மா" என்று மட்டும் சொல்லி, அவளுக்கு டீ வரவழைத்தாள்.

நிறம் போட்ட பிறகும் விடமாட்டாள். சல்ஃபேட் இல்லாத ஷாம்புதான் போடவேண்டும், மஞ்சள் ஏறாமலிருக்க வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு, வெந்நீர் கூடாது, வண்டியில் போனால் துப்பட்டா கட்டவேண்டும். எல்லாவற்றையும்விட அவள் சந்தேகப்பட்டது போர்த் தண்ணீரை. இரும்புச் சத்து ஏறினால் தேன் நிறம் செங்கல் நிறமாகிவிடும் என்பாள். பெருங்களத்தூரின் புது அடுக்ககம் ஒன்றிலிருந்து வந்த அனிதாவிடம், "உங்க ஃப்ளாட் தண்ணில அலசவே அலசாதீங்க. வாரா வாரம் இங்க வந்துடுங்க, நானே அலசி விடறேன்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். போன கோடைக்கு முந்தின கோடை அது. அனிதாவுக்கு விரைவில் தம்பி கல்யாணம். அவள் மாமியாருக்கு இந்த நிறமே பிடிக்கவில்லை.

அனிதா தவறாமல் வந்தாள். ஆனாலும் முடி வாரத்துக்கு வாரம் செம்மஞ்சளாகிக்கொண்டே போனது. மெர்சி அவளைக் குடைந்தெடுத்தாள். வீட்டில் அலசினீர்கள்தானே, நீச்சல் குளத்தில் இறங்கினீர்கள்தானே என்று கேட்டாள். அனிதா அழுதுகொண்டே போனாள். இன்னும் இரண்டு பேருக்கு அப்படியே ஆனபோது மெர்சியின் பார்வை என் பக்கம் திரும்பியது. தன் ஷாம்பு பாட்டிலில் எதையாவது கலந்தேனா என்று கேட்டாள். எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது. கண்ணாடி போடாமல் ப்ளீச்சைத் தப்பாகக் கலக்கிறாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினோம். படப்பையில் தனியாகக் கடை பார்க்கலாமா என்று நான் விசாரிக்கவே தொடங்கிவிட்டேன்.

ஒருநாள் காலை கடைக்குள் நுழைந்தபோது மேசைமேல் இரண்டு டம்ளர்கள். மெர்சி தன் பிடரியிலிருந்து வெட்டிய முடியை வெளுக்க வைத்து, இரண்டு பாதியாக ஊறப்போட்டிருந்தாள். கேன் தண்ணீரில் இருந்தது அப்படியே இருந்தது. எங்கள் குழாய்த் தண்ணீரில் இருந்தது செங்கல் நிறம்.

"நம்ம தண்ணி, சாந்தி" என்றாள்.

மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் கேட்டோம். கோடையில் மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை, அதனால் உங்கள் குழாய்க்கும் போர் லைனைக் கொடுத்துவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். ஊரில் எல்லார் வீட்டுத் தண்ணீரையும் சந்தேகப்பட்டவள் எங்கள் குழாயைச் சந்தேகப்படவில்லை.

அனிதாவுக்கு எதுவும் தெரியாது, முடியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு இதோடு விட்டுவிடலாம் என்றேன். மெர்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டோவில் இரண்டு தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூர் போனோம். கதவைத் திறந்தது மாமியார். அவர் முன்னாலேயே மெர்சி சொன்னாள்:

"அனிதா, நீங்க சொன்னதெல்லாம் உண்ம. என் கடைத் தண்ணிதான் கெடுத்துது."

"அன்னிக்கு நீங்க நம்பவே இல்லையேக்கா."

"ஆமா, நம்பல. தப்பு என்னுது."

எங்கள் கடை வீட்டுக்காரர்மேல் பழி போடவில்லை. செம்மஞ்சளை முழுக்க எடுக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. நடுநடுவே அடர்பழுப்பைத் தீட்டி அதை அடக்கினாள். கேன் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றியது அந்த மாமியார்தான். அனிதா ஆசைப்பட்ட தேன் நிறம் வரவில்லை. ஆனால் அந்த முடியோடுதான் கல்யாணத்துக்குப் போனாள். மறுவாரமே கடைக்கும் வந்தாள். நான் படப்பைக் கடையை அதன்பின் விசாரிக்கவில்லை.

போன மாதம் மெர்சி அடிக்கடி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, வாயு" என்றாள். இஞ்சி டீ குடித்தாள். யாருடைய வார்த்தையையும் சோதிக்காமல் விடாதவள், தன் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டாள். அவள் சொன்னதால் நானும் நம்பினேன். வந்தது வாயு அல்ல, மாரடைப்பு.

கல்லறைத் தோட்டத்தில் அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். நான் நம்பவில்லை. மரத்தடியில் உட்காரவைத்து மறுபடி கேட்டேன். தன் உடம்பைப் பற்றி மெல்லச் சொல்லத் தொடங்கினாள். மெர்சியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த நம்பாமைதான். அதை நான் விடுவதாக இல்லை.