மாஸ்க் போட்ட சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தடிமன் பிடித்திருந்தது. மாணவிக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன். கொடுத்த பயிற்சியில் இருபத்தாறு சுரங்கள். வழமையாக இப்படி ஒன்றில் அவளுக்கு இரண்டோ மூன்றோ பிழைக்கும். அன்றைக்குப் பதினொன்று பிழைத்தன.

பிழைகளை எண்ணிக் கொப்பியில் குறித்துவைப்பது என் பழக்கம். வாரநாட்களில் என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. ஆய்வுகூடங்களும் கடைகளும் அனுப்பும் தராசுகளில், தெரிந்த எடையை வைத்து, அது காட்டும் எண்ணைப் பதிந்து, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இசை எனக்குத் தேவாலயத்தில் வந்தது. ஓர்கன் வாசிக்கப் படித்தேன், பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினேன், இப்போது அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த நால்வரில் இவள் மட்டும்தான் வளர்ந்தவள். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய வீடு. கண்டி நகரத்தில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டு போர்டிங்கில் தங்கியிருந்தாள். என்னைவிட மூன்றே வயது இளையவள், ஆனாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாள். எட்டு மணிக்கு என்னிடம் வகுப்பு, பத்து மணிக்குப் பாமசி.

அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு வகுப்புக்கும் பாடற்குழுவுக்கும் ஆள் தேடினார்கள். பள்ளிக்கூட அதிபருக்கு அவளுடைய குரல் பிடித்திருந்தது. பாட்டுப் பரீட்சையில் தேறிய சான்றிதழ் இருந்தால் இடம் அவளுக்கு, அடுத்த பரீட்சை முடிவு வரும்வரை காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். முந்தைய வருடம் அவள் அந்தப் பரீட்சையில் ஆறு புள்ளிகளால் தவறிவிட்டாள். மூன்று பாட்டுகளையும் நன்றாகவே பாடியிருந்தாள். பார்த்துப் பாடுவதில் விழுந்துவிட்டாள்.

பார்த்துப் பாடுவது என்றால் இதுதான். இதுவரை கண்டிராத ஒரு மெட்டை ஐந்து கோடுகளில் எழுதித் தருவார்கள். பியானோவில் அடிச்சுரத்தை ஒருமுறை கேட்கவிடுவார்கள். பார்த்துக்கொள்ள அரை நிமிடம். அதன்பிறகு துணை வாத்தியம் இல்லாமல் பாட வேண்டும்.

“என்ன நடந்தது?” என்று முதல் நாளே அவளிடம் கேட்டிருந்தேன்.

“அந்தப் பரீட்சகரு தலையவே தூக்கல மிஸ். குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாரு.”

மரியாதை தெரியாத மனிதர்போல என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டேன். முக்கியமான தகவல் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினொரு பிழைகளுக்குக் காரணமாக நான்கைக் கொப்பியில் எழுதினேன். பயிற்சி கடினம். அவளுக்குக் களைப்பு. அறையில் வெளிச்சம் குறைவு. மாஸ்க். கடைசியைச் சும்மா ஒரு முழுமைக்காகத்தான் சேர்த்தேன். பாடியவள் அவள், மாஸ்க் போட்டிருந்தவள் நான்.

அடுத்த வாரம் தடிமன் விட்டிருந்தது. அதே அளவு கடினமான இன்னொரு பயிற்சியை அதே வெளிச்சத்தில் கொடுத்தேன். இரண்டு பிழைகள். உடனே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூன்றாவதைக் கொடுத்தேன். ஒன்பது.

“மறுபடியும் தடிமனா மிஸ்?”

“இல்லை. ஒரு விசயம் பாக்கிறன். நீங்க பாடுங்க.”

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பிழைகள் இன்னும் கூடியிருக்க வேண்டும். ஆனால் நான்குதான். எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோதுதான் எதிரே இருந்த அலுமாரியின் கண்ணாடியில் நான் முழுசாகத் தெரிவது கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். ஏழு. பிழை வரும்போதெல்லாம் நான் பென்சிலால் கோடு போடுகிறேன், அந்தச் சத்தம் வந்ததும் அவள் சுரத்தைத் திருத்துகிறாள் என்பது அதற்கடுத்து விளங்கியது. பென்சிலைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு.

நல்ல தராசு ஒன்று எடையைக் காட்டாமல் மேசையின் நடுக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைப் போலிருந்தது. ஐந்து மாதமாக நான் முன்னேற்றம் என்று குறித்துவந்த எண்கள் என்னுடைய முகத்தைப் பற்றியவை.

அவளிடம் கொப்பியைக் காட்டிச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எண்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“நான் வேணும்னு பாக்கல மிஸ்.”

“தெரியும்.”

“அப்ப இவ்ளோ நாளா மிஸ்ஸத்தான் படிச்சேனா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “பரீட்சைக்கு ஆறு வாரந்தானே இருக்கு.”

என் முகம் அப்படி என்னதான் சொல்கிறது என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. குசினியில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“உன்ரை உதடு இடப்பக்கமாச் சுழியும். சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். கறியிலை உப்புக் கூடினாலும் அந்தச் சுழிப்புத்தான். நீ வாயைத் திறக்க முதலே எனக்குத் தெரிஞ்சிடும்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“சொன்னா நிப்பாட்டிப்போடுவாய். பிறகு நான் எப்பிடி உப்புப் பாக்கிறது?”

முகத்தை மறைத்தால் மட்டும் அவளுக்கு வாசிக்க வந்துவிடாது. அதற்குப் பிந்திய இரண்டு வாரங்களும் துணி தொங்கிய அலுமாரிக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினாள். பத்து, பன்னிரண்டு, பத்து. கோடுகளையும் சுரங்களின் பெயர்களையும் கேட்டால் தவறாமல் சொல்வாள். பாடத் தொடங்கினால் மட்டும் முதல் நான்கைந்து சுரங்களுக்குப் பிறகு தானாக ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த மெட்டுகள் அழகாகவும் இருந்தன. தாளில் இருந்தவை அல்ல, அவ்வளவுதான்.

அந்தக் கிழமை அம்மாவின் பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டதால் வேலை விட்டு வரும் வழியில் அவளுடைய பாமசிக்குப் போனேன். கூட்டமாக இருந்ததால் ஓரமாக நின்றேன். ஒரு முதியவர் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டொன்றை நீட்டினார். அதிலிருந்தது எழுத்து என்று எனக்குத் தோன்றவில்லை, நீல மையில் ஒரு நெளிவு. அவள் ஒரு கணம் துண்டையும் ஒரு கணம் முதியவரின் வீங்கிய காலையும் பார்த்துவிட்டுத் திரும்பாமலே பின்தட்டில் இருந்து பெட்டியை எடுத்தாள். அடுத்த துண்டும் அப்படித்தான். மூன்றாவது துண்டில் பெட்டியைக் கையில் எடுத்த பிறகு நின்றுவிட்டாள். துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியை எடுத்தாள்.

“பேரு தெரியுது டொக்டர், அளவுதான் தெரியல. அஞ்சா, இருபத்தஞ்சா?”

பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னிடம் சொன்னாள். “மருந்துப் பேரெல்லாம் இவளுக்கு வர்ற ஆளோட மூஞ்சியப் பாத்தே தெரியும். அளவுன்னு வந்துட்டா கடவுளே சொன்னாலும் டொக்டருக்கு கோல் எடுத்துத்தான் குடுப்பா.”

“நீ அளவையும் மூஞ்சியப் பாத்து குடு, அப்புறம் ஜெயிலுக்கு நான் சாப்பாடு கொண்டாறேன்,” என்று இவள் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னாள்.

பஸ்ஸில் அம்பிட்டிய ஏற்றத்தில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஊகிக்காதே என்று நான் அவளுக்கு இரண்டு வாரமாகச் சொல்லிவந்தேன். ஆனால் நானும் ஊகித்துத்தான் வாசிக்கிறேன். அடுத்தடுத்த படியில் ஏறி இறங்கும் சுரங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. மெட்டு ஒரு படியிலிருந்து எட்டத் தாவும் இடங்களில் மட்டும்தான் என் கண் நிற்கிறது. எதை ஊகிக்கலாம், எதை ஊகிக்கக் கூடாது என்று பிரித்துவைப்பது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. அவளுக்கும் அது தெரியும், மருந்துக் கடையில்.

சனிக்கிழமை அவளிடம் ஒரு பயிற்சியைக் கொடுத்து, “பாட வேண்டாம். இதில மருந்துப் பேர் எது, அளவு எது எண்டு பிரிச்சுத் தாங்க,” என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி நான்கு தாவல்களையும் வட்டமிட்டாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் முயற்சி இன்னும் மோசமாகப் போனது. ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் வந்து நின்றுவிட்டாள். பார்த்துப் பாடும்போது பிழையான சுரத்தைவிட நின்றுவிடுவது மோசம்.

“ஏன் நிக்கிறீங்க?”

“டொக்டருக்கு கோல் எடுக்க வேணாமா மிஸ்?”

நியாயமான கேள்வி. தொலைபேசி எங்கே? அன்று ஒரு மணித்தியாலம் அதைத்தான் தேடினோம். கடைசியில் அரை நிமிடத்தில் கிடைத்தது. அந்த அரை நிமிடத்தை முதல் சுரத்திலிருந்து வரிசையாகப் பார்த்துச் செலவிடாமல், தாவல்களுக்கு மட்டும் செலவிட வேண்டும். புறப்படும் சுரத்தையும் போய்ச் சேரும் சுரத்தையும் அடிச்சுரத்திலிருந்து தேடி, வாய்க்குள் முணுமுணுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் மருந்துப் பேர், வரும்போது வரும்.

கொப்பியில் இருந்த எண்கள்: ஒன்பது, எட்டு, ஒன்பது, ஐந்து, ஆறு, மூன்று. மூன்று வந்த அன்று அலுமாரியில் துணி தொங்கியது, என் கையில் பென்சில் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பரீட்சை அன்று மழை. அவளுடைய பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவள் நான்தான் என்பதால் மூன்று பாட்டுகளும் முடியும்வரை உள்ளே இருந்தேன். பரீட்சகர் நரைத்த தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார். அடுத்தது பார்த்துப் பாடுவது. நீங்கள் போகலாம் என்று எனக்குக் கையைக் காட்டினார். வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்தேன். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

பியானோவில் அடிச்சுரம் கேட்டது. அமைதி. பிறகு மிக மெல்லியதாக இரண்டு சுரங்கள். இடைவெளி. இன்னும் இரண்டு. மழைச் சத்தத்தில் மூன்றாவது சோடியை நான் கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா தெரியாது. அவள் பாடத் தொடங்கினாள். நிற்கவில்லை. சரியா பிழையா என்று சொல்ல எனக்கு வழியில்லை. என் கையில் தாள் இல்லை. மெட்டு எங்கே போகும் என்று நானே ஊகித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நான் ஊகித்ததற்கு மாறாக அது மேலே தாவியது. என் உதடு சுழிந்ததை நானே உணர்ந்தேன்.

அவள் வெளியே வந்து குடையைத் தேடினாள்.

“இந்த முறையாவது தலையைத் தூக்கினாரா?” என்று கேட்டேன்.

“தெரியல மிஸ். நான் பாக்கல.”

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தேறியிருந்தாள். பார்த்துப் பாடுவதற்குக் கிடைத்தது பெரிய புள்ளியல்ல, போதுமான புள்ளி. பாமசியில் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு கிழமையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பாடற்குழுவில் பதினெட்டுப் பிள்ளைகளாம். புது மெட்டை எழுதிக்கொடுத்தால் எல்லாரும் பார்த்து அருமையாகப் பாடுகிறார்களாம்.

“எனக்கு சந்தேகமா போச்சு மிஸ். நேத்து மாஸ்க் போட்டுக்கிட்டு போனேன்.”

“பிறகு?”

“ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. அதிபரு வந்து, டீச்சருக்கு தடிமனான்னு கேட்டுட்டு போறாரு.”

எத்தனை பிழை என்று கேட்டேன். கொப்பியை எடுத்து வருவதாகச் சொல்லி அவள் தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.